சிறிய சக்கரம் சிறியவர்களுக்கா? மடக்கு சைக்கிள் வாங்கும் முன்

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பிள்ளைக்கு என்ன வயசு?" பதில் சொன்னதும் கடைக்காரரின் கை ஒரு வரிசையைக் காட்டும். நான்கைந்து வயதென்றால் 16 இன்ச், ஏழெட்டு வயதென்றால் 20 இன்ச், பத்தைத் தாண்டினால் 24 இன்ச். சாதாரணக் குழந்தை சைக்கிளுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரிவரும். அங்கே சக்கரம் சிறுத்தால் அதோடு சேர்ந்து ஃபிரேம், பெடல், ஹேண்டில்பார் எல்லாமே சிறுத்துவிடும்.

மடக்கு சைக்கிளில் இந்தக் கணக்கு உதவாது. மடக்கியபின் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதன் சக்கரத்தைச் சிறியதாக வைக்கிறார்கள். ஓட்டுபவரின் உயரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் தொடர்பில்லை. 20 இன்ச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிளில் ஆறடி மனிதர் வசதியாக அலுவலகம் போய்வருவார். அதே 20 இன்ச்சை நம்பி எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கினால், பிள்ளையின் கால் தரையைத் தொடாது.

ஆகவே மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. சீட்டை முழுக்க இறக்கினால் அது தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்? இந்த ஓர் எண்ணையும் ஓட்டப்போகிறவரின் கால் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குக் கை எட்டும் தூரம், பிரேக், எடை, டயர், கீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே ஃபிரேம்

இன்று நாம் பார்க்கும் மடக்கு சைக்கிள்களில் பல, வேலைக்குப் போகும் பெரியவர்களை மனத்தில் வைத்து உருவானவை. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களின் நடுவில் தன் வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கிய சைக்கிள், ஜன்னல் வழியே தெரிந்த பிராம்டன் தேவாலயத்தின் பெயரைப் பெற்றது. மடக்கி ரயிலில் ஏற்றி, இறங்கிய இடத்தில் விரித்து ஓட்டலாம் என்பதே அதன் கவர்ச்சி. அமெரிக்காவில் லேசர் ஆய்வில் இருந்த டேவிட் ஹான், எண்ணெய் நெருக்கடி தந்த யோசனையில் இறங்கி 1982-இல் டாஹான் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு இடத்திலும் கணக்கில் இருந்தவர் வளர்ந்த பயணிதான்.

பெரியவர்களுக்கான சாதாரண சைக்கிளை வாங்கப் போனால் ஒரே மாடல் மூன்று நான்கு ஃபிரேம் அளவுகளில் கிடைக்கும். மடக்கு சைக்கிள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும். அதற்குப் பதிலாக சீட்டைத் தாங்கும் கம்பியை, அதாவது சீட் பில்லரை, மிக நீளமாகக் கொடுத்துவிடுவார்கள். உயரமானவர் மேலே இழுத்துக்கொள்ளலாம், குள்ளமானவர் இறக்கிக்கொள்ளலாம். ஒரே சைக்கிளை வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்ட முடிவது இதனால்தான்.

ஆனால் மேலே இழுப்பதற்கு இருக்கும் இடம் கீழே இறக்குவதற்குக் கிடையாது. காரணம் பெடலிலிருந்து தொடங்குகிறது. பெரியவர்களின் சைக்கிளில் கிராங்க், அதாவது பெடலையும் நடு அச்சையும் இணைக்கும் கை, பொதுவாக 17 செ.மீ. நீளம் இருக்கும். பெடல் கீழே வரும்போதும் வளைவில் சாயும்போதும் தரையில் உரசக்கூடாது. அதற்காக நடு அச்சைத் தரையிலிருந்து 28 செ.மீ. அளவுக்கு உயர்த்தி வைக்கிறார்கள். அச்சு உயர்ந்தால் அதற்கு மேலே சீட் பில்லர் நுழையும் குழாயும் உயரும்; குழாயின் வாய்க்கு மேல்தான் சீட் உட்கார முடியும். குழந்தை சைக்கிளில் கிராங்க் 14 செ.மீ.தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை 25 செ.மீ.க்கு இறக்கினாலும் பெடலுக்கும் தரைக்கும் அதே இடைவெளி கிடைக்கும். சீட்டும் கூடவே இறங்கும். இரண்டு சைக்கிளிலும் சக்கரம் 20 இன்ச்தான். உட்காரும் உயரம் மட்டும் வேறு.

சர்வதேசத் தரக் குறிப்புகளும் வயதையோ சக்கரத்தையோ வைத்துச் சைக்கிள்களைப் பிரிப்பதில்லை. சீட்டை உயர்த்தக்கூடிய அதிகபட்ச அளவு 435 மி.மீ.க்கு மேல், 635 மி.மீ.க்குள் இருந்தால் அது சிறு குழந்தைகளின் சைக்கிள், ஐ.எஸ்.ஓ. 8098 என்ற தரம் அதற்குப் பொருந்தும். 635 மி.மீ.யும் அதற்கு மேலும் போனால் ஐ.எஸ்.ஓ. 4210. அளவுகோலாக அவர்களும் சீட்டைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்

கடைக்குப் போகும் முன் ஓட்டப்போகிறவரைச் சுவரில் முதுகு ஒட்ட, வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி போதும். கெட்டி அட்டை போட்ட நோட்டை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே தூக்குங்கள். நோட்டின் ஓர் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். அதன் மேல் விளிம்பு நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரமே உட்கால் நீளம். மொத்த உயரத்தில் அது பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு மூன்று நான்கு செ.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும் என்பதால் உத்தேசமாகச் சொல்லாமல் அளப்பது நல்லது.

இனி ஒப்பிடலாம்.

சைக்கிளே இப்போதுதான் பழகப்போகிற பிள்ளை என்றால், சீட்டின் மிகத் தாழ்ந்த உயரம் உட்கால் நீளத்தைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிந்தால்தான் பயம் போகும்.

ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு சீட் உட்கால் நீளத்தைவிட 5 செ.மீ. வரை உயரமாக இருக்கலாம். முன்பாதம் தரையில் ஊன்றினால் போதும்.

பழகிய பெரியவர் இன்னும் உயர்த்திக்கொள்வார். பந்தய ஓட்டக்காரர்களிடம் பழக்கத்தில் உள்ள கணக்குப்படி, உட்கால் நீளத்தை 0.88-ஆல் பெருக்கினால் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய வரும். அந்த உயரத்தில் பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும். சோர்வும் வலியும் குறையும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சீட்டை முழுக்க இறக்கினால் 76 செ.மீ. உயரத்தில் நிற்கும் 20 இன்ச் மடக்கு சைக்கிள் ஒன்று இருக்கிறது. உட்கால் நீளம் 54 செ.மீ. உள்ள, 120 செ.மீ. உயரப் பிள்ளைக்கு அது 22 செ.மீ. அதிகம். பிள்ளையைத் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். உட்கால் நீளம் 62 செ.மீ. உள்ள, 135 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 14 செ.மீ. அதிகம். ஓட்டிவிடுவான், ஆனால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து குதிக்க வேண்டியிருக்கும். 148 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் உட்கால் நீளம் 68 செ.மீ. என்றால், நடு அச்சிலிருந்து சீட் வரை அவருக்கு வேண்டியது 60 செ.மீ. அப்போது தரையிலிருந்து சீட் 85 முதல் 88 செ.மீ. வரை வரும். அந்த சைக்கிளில் சீட்டை உயர்த்தித்தான் அவர் ஓட்ட வேண்டியிருக்கும். ஆக, முதல் இருவருக்கும் பெரியதாகிப்போன அதே சைக்கிள் மூன்றாமவருக்குக் கச்சிதம்.

குள்ளமான பெரியவருக்கு நல்ல தேர்வு

இதனால்தான் குள்ளமானவர்களுக்கு மடக்கு சைக்கிளைத் தயங்காமல் சொல்லலாம். பல நிறுவனங்கள் தங்கள் 20 இன்ச் மாடல்களுக்குக் குறைந்தபட்ச உயரமாக 140-லிருந்து 145 செ.மீ. வரை சொல்கின்றன. பெரிய சக்கர சைக்கிளில் கால் எட்டாமல் அவதிப்படுகிறவருக்கு இது பெரிய விடுதலை.

இன்னொரு வசதி நடுத்தண்டு. அது தாழ்ந்திருப்பதால், லேடீஸ் சைக்கிளைப் போலவே, காலைப் பின்னால் தூக்கி வீசாமல் முன்பக்கமாகவே ஏறி இறங்கலாம். புடவை, சுடிதார், வேட்டி எதுவானாலும் சிக்கல் குறைவு. நிற்க வேண்டிய இடத்தில் சீட்டைவிட்டு முன்னால் நழுவி இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம் என்பதால் சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து ஓட்டவும் தைரியம் வரும். அந்தக் காலத்தில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பார் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட தலைமுறைக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

வயதானவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதே காரணத்தால் இது பொருந்தும். ஆனால் முழங்கால் வலி இருந்தால் கிராங்க் நீளத்தையும் கேளுங்கள். 17 செ.மீ. கிராங்க் மேலே வரும்போது குட்டைக் காலை அதிகமாக மடக்கும். 15.2 அல்லது 16 செ.மீ. கிராங்க் தனியாகக் கிடைக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் சீட்டை அந்த வித்தியாச அளவுக்கு உயர்த்த வேண்டும்.

குழந்தைக்கு மடக்கு சைக்கிள் தேவையா?

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 115 செ.மீ.க்குக் குறைவான உயரமுள்ள பிள்ளையின் சைக்கிள் ஏற்கெனவே சிறியது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டை எல்-கீ கொண்டு தளர்த்திப் பக்கவாட்டில் திருப்பி, பெடல்களைக் கழற்றிவிட்டால் சிறிய கார் டிக்கியிலும் அடங்கிவிடும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வழக்கமான பக்கம் திருகினால் அது இன்னும் இறுகும். இந்த வயதுப் பிள்ளைக்கு மடக்கு வசதிக்காகக் கீலும் கொண்டியும் சேர்த்தால் எடையும் விலையும்தான் கூடும்.

115-லிருந்து 140 செ.மீ. வரையிலான பிள்ளைக்குத் தேவை உண்மையானதாக இருந்தால் மட்டும் வாங்கலாம். வீட்டில் சைக்கிள் நிறுத்த இடமே இல்லை, லிஃப்ட்டில் ஏற்ற வேண்டும், வாரக் கடைசியில் குடும்பத்தோடு காரிலோ ரயிலிலோ எடுத்துப்போக வேண்டும் என்பவை நியாயமான காரணங்கள். அப்போதும் குழந்தைகளுக்கென்றே குட்டைக் கிராங்கோடு, தாழ்ந்த சீட்டோடு செய்த மடக்கு சைக்கிளாகத் தேடுங்கள். கிராங்க் நீளத்துக்கு எளிய கணக்கு, பிள்ளையின் உயரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. 130 செ.மீ. உயரத்துக்கு 13 செ.மீ. அளவில் இருந்தால் பெடல் இலகுவாகச் சுழலும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் மடங்காத குழந்தை சைக்கிளே மேல்.

140 செ.மீ.யைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர்களின் மடக்கு சைக்கிளையே வாங்கிவிடலாம். அது அவனோடு சேர்ந்து வளரும். பள்ளிச் சீருடையை மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதுபோல சீட் பில்லரை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகலாம். கல்லூரி வரைக்கும் வரும். ஆனால் சீருடையாவது தொளதொளவென்று இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். சைக்கிளில் கால் எட்டும் முன்பே வாங்கிவிட்டு "வளர்ற பிள்ளைதானே" என்று காத்திருந்தால், அந்த இடைப்பட்ட காலத்தில் விழுந்து பயந்து பிள்ளை சைக்கிளையே வெறுத்துவிடக்கூடும்.

இன்னொன்று, மடக்கு சைக்கிளில் முதன்முதலாகப் பழகுவது கடினம். சிறிய சக்கரம் கொண்ட சைக்கிளின் ஹேண்டில் சட்டென்று திரும்பும். கை லேசாக நடுங்கினாலும் சைக்கிள் வளைந்துபோகும். பழகியவருக்கு அது சுறுசுறுப்பாகத் தெரியும், புதிதாகப் பழகுகிறவருக்குத் தடுமாற்றமாக இருக்கும். பிள்ளை முதலில் வேறு சைக்கிளில் நேராக ஓட்டவும், ஒரு கையை எடுத்துச் சைகை காட்டவும் பழகிக்கொள்ளட்டும்.

கை எட்டுகிறதா?

கால் எட்டினால் மட்டும் போதாது. சீட் பில்லர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் சீட்டை இறக்க இறக்க அது முன்னாலும் வரும். இதனால் குள்ளமானவருக்கு ஹேண்டில்பார் தானாகவே நெருங்கிவிடும். ஆனால் ஹேண்டில்பாரின் உயரம் பல மாடல்களில் மாறாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் நிற்கும் அந்தக் கைப்பிடி 120 செ.மீ. உயரப் பிள்ளைக்குத் தோளளவு. கையைத் தூக்கிக்கொண்டே ஓட்டினால் சைக்கிள் கட்டுப்பாட்டில் நிற்காது. ஆகவே ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஏறி இறங்கும் மாடலாகப் பாருங்கள். உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் தூக்கிக்கொள்ளக்கூடாது.

அடுத்து பிரேக். சிறு கைகளுக்குப் பெரியவர்களின் பிரேக் லீவர் தூரமாக இருக்கும். கைப்பிடியை விடாமலேயே இரண்டு விரல்களின் நடுக்கணு லீவரின் மேல் படிய வேண்டும். பெரும்பாலான லீவர்களில் உட்புறம் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிப் பக்கம் நெருங்கும். இதைச் செய்தபின் பிரேக் கேபிளையும் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக்க அழுத்தியும் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் போகலாம். கடையிலேயே பிள்ளையை அழுத்தச் சொல்லி, நீங்கள் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நின்றால் சரி.

யார் தூக்குவது?

மடக்கு சைக்கிள் என்றதும் இலேசாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் கீல், கொண்டி, நீளமான கம்பிகள் என்று சேர்ந்து எடை கூடத்தான் செய்யும். இரும்பு ஃபிரேம் கொண்ட 20 இன்ச் மாடல் 13-லிருந்து 15 கிலோ வரை வரும். அலுமினியத்தில் 11-லிருந்து 13 கிலோ. பத்து கிலோவுக்குக் கீழே வேண்டுமென்றால் விலை கடகடவென்று ஏறும். எட்டு வயதுப் பிள்ளையின் எடையே 25 கிலோ அளவில்தான் இருக்கும். தன் எடையில் பாதியைப் பிள்ளை படியேற்றாது, ஏற்றப்போவது நீங்கள். அதனால் கடையில் சைக்கிளை மடக்கி, ஒரு கையில் தூக்கி நாலடி நடந்து பாருங்கள். மடக்கிய பிறகும் உருட்டிக்கொண்டு போக முடிகிற மாடல் என்றால் குள்ளமானவருக்குப் பெரிய உதவி. மடக்கியபின் இரண்டு பாதிகளும் காந்தத்தாலோ கொக்கியாலோ ஒட்டி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படி ஒட்டாத சைக்கிள் தூக்கும்போது திறந்து காலில் இடிக்கும்.

ஒரே இன்ச், வேறு வேறு டயர்

வாங்கிய பிறகு பஞ்சர் ஆகும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். 16 இன்ச் என்று எழுதியிருந்தாலும் டயர் எல்லாம் ஒன்றல்ல. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 305 மி.மீ. உள்ளது ஒரு வகை; குழந்தை சைக்கிள்களில் பரவலாக இருப்பது இதுதான். 349 மி.மீ. உள்ளது இன்னொரு வகை. பிராம்டன் பயன்படுத்துவது அது. ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது. 20 இன்ச்சிலும் அப்படியே, 406 என்றும் 451 என்றும் இரண்டு உண்டு. 406 சாதாரணக் குழந்தை சைக்கிளிலும் இருப்பதால் தெருமுனைக் கடையிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். 451 மெல்லியது, வேகத்துக்கானது, எளிதில் கிடைக்காது.

இதைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. டயரின் பக்கவாட்டில் 47-406 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். சிறிய ஊரில் இருப்பவர் 305 அல்லது 406 வாங்கினால் டியூபுக்காக அலைய வேண்டியிருக்காது.

டயரின் அகலத்தையும் கவனியுங்கள். பெரிய சக்கரம் ஏறிக் கடந்துபோகும் குழியில் சிறிய சக்கரம் இறங்கிவிடும். மேடு பள்ளமும் வேகத்தடையும் நிறைந்த தெருவில் ஓட்டப்போகிறவருக்கு 40 மி.மீ.யும் அதற்கு மேலும் அகலமான டயர் நல்லது. 28 மி.மீ. மெல்லிய டயர் பார்க்க அழகாக இருக்கும், முதுகெலும்பு தாங்காது.

கியர் எத்தனை வேண்டும்?

சக்கரம் சின்னதென்றால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டுமே என்று பலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. அதை ஈடுகட்டப் பெடல் பக்கம் பெரிய செயின் வீலை வைத்திருப்பார்கள். 20 இன்ச் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் போகும். செயின் வீலில் 52 பல், பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில் 14 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்றினால் சைக்கிள் ஐந்தரை மீட்டர் போய்விடும். பெரிய 28 இன்ச் சைக்கிளில் 44 பல்லும் 18 பல்லும் இருந்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

பெரியவருக்குச் சரியான இந்த அளவு குழந்தைக்குப் பாரம். ஒரு சுற்றுக்கு மூன்று முதல் நான்கு மீட்டர் போகும் அமைப்பே பிள்ளையின் காலுக்கு ஏற்றது. ஆகவே ஒற்றைக் கியர் மடக்கு சைக்கிளைப் பிள்ளைக்கு வாங்கினால் பற்களை எண்ணிப் பாருங்கள். செயின் வீலின் பல்லை ஃப்ரீவீலின் பல்லால் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால் 20 இன்ச்சுக்கான விடை வந்துவிடும்.

சமதளமான ஊரில் ஒற்றைக் கியர் போதும். பாலமும் ஏற்றமும் உள்ள இடத்தில், பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும் மூன்று கியர் அமைப்பு வசதி. நின்றுகொண்டே கியர் மாற்றலாம், மடக்கும்போது இடிபட வெளியே எதுவும் தொங்காது. வெளியே தொங்கும் ஏழு, எட்டு கியர் அமைப்பு சிறிய சக்கரத்தில் தரைக்கு மிக அருகில் இருக்கும். மடக்கி வைக்கும்போது அது வளைந்தால் கியர் ஒழுங்காக விழாது. பிள்ளையின் கையில் கொடுக்கும் சைக்கிளில் இதைத் தவிர்ப்பது நல்லது.

கீலும் கொண்டியும்

மடக்கு சைக்கிளில் உயிர் தொங்கும் இடம் இரண்டு: நடு ஃபிரேமின் கீல், ஹேண்டில்பார் தண்டின் கீல். ஓடும்போது இவை தாமாகத் திறந்துகொள்ளவே முடியாதபடி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 4210 கேட்கிறது. நல்ல மாடல்களில் கொண்டியை மூடியபின் அதன் மேல் இரண்டாவது பூட்டு ஒன்று விழும். அது இல்லாத சைக்கிளை, எத்தனை மலிவாக இருந்தாலும், பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

கொண்டியை மூட எவ்வளவு பலம் வேண்டும் என்றும் பாருங்கள். உள்ளங்கையால் நன்றாக அழுத்தினால் மூட வேண்டும். விரல் நுனியால் மூடினால் தளர்வு. இரண்டு கையாலும் முட்டிக்கொடுத்தால் மட்டும் மூடினால் குள்ளமானவர் ஒவ்வொரு நாளும் திணறுவார். பெரும்பாலான கொண்டிகளில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நட்டு உண்டு. கீல் மூடும் இடத்தில் விரல் மாட்டினால் நசுங்கும், ஆகவே சிறு பிள்ளைகளை மடக்கவிடாமல் நீங்களே மடக்குங்கள். ஓட்டிக்கொண்டு கிளம்பும் முன் இரண்டு கொண்டியையும் தொட்டுப் பார்ப்பது வீட்டின் பழக்கமாகிவிட வேண்டும்.

சீட் பில்லரிலும் ஒரு கவனம் தேவை. அதில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி சீட்டை உயர்த்தக்கூடாது. குள்ளமானவருக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும். சில மாடல்களில் சீட்டை இறக்கும்போது பில்லரின் அடிப்பகுதி ஃபிரேமுக்குக் கீழே நீட்டிக்கொண்டு வரும். வேகத்தடையில் அது இடித்தால் சைக்கிள் முட்டி நிற்கும். சீட்டை உங்கள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, குனிந்து அடியில் பாருங்கள். அதிகம் நீண்டால் குட்டையான பில்லர் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ரயிலில் போகுமா?

ரயிலிலும் பஸ்ஸிலும் எடுத்துப்போகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மடக்கிய அளவை டேப்பால் அளந்துவிடுங்கள். சிங்கப்பூரில் மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் சைக்கிளை ரயிலிலும் பேருந்திலும் எந்நேரமும் கொண்டுபோக அனுமதி உண்டு. 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு அது. நீளத்தில் இடிப்பது அரிது. பெடல் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு, அகலம் 40 செ.மீ.யைத் தாண்டிவிடுவதுதான் வழக்கமான தொல்லை. மடங்கும் பெடல் இருந்தால் அது தீரும். மற்ற ஊர்களில் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் விதி வேறு வேறு. வாங்கும் முன் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

ஓட்டப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியப்படுத்துவதற்காக வாங்கி வந்து நிறுத்தும் பிறந்தநாள் பரிசாக மட்டும் இதை ஆக்காதீர்கள். பிறகு வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்:

1. சீட்டை முழுக்க இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை டேப் வைத்து அளவெடுங்கள். வீட்டில் எழுதிவந்த உட்கால் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

2. உட்காரவைத்துப் பாருங்கள். பாதம், முழங்கை, பிரேக் விரல் மூன்றும் சரியா?

3. பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றிலோ ஹேண்டில்பாரிலோ இடிக்கிறதா?

4. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மறுகையைக் கீலின் மேல் வையுங்கள். டக் டக் என்ற ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அது வேண்டாம்.

5. கடைக்காரர் மடக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, நீங்களே ஒரு முறை மடக்கி விரியுங்கள். கேபிள் எங்காவது இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று கவனியுங்கள்.

6. டயரின் பக்கவாட்டு எண்ணைப் படித்து, அந்த அளவில் டியூப் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அப்போதே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர் கூடுதலாகக் கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் அடியில் உலோகம் விரிசல் விட்டிருக்கலாம். அதை விலை பேசாமலே விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு மாடல்கள் சமமாக நின்றால், சீட் தாழ்வாக இறங்கும் மாடலை எடுங்கள். குட்டையான பில்லர் இருந்தால் பின்னால் நீளமானதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். குழாயின் வாய் உயர்ந்திருந்தால் எந்த மெக்கானிக்காலும் அதைக் குறைக்க முடியாது. வீட்டில் பிள்ளையும் அம்மாவும் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால், அளவெடுக்க இருவரில் உட்கால் நீளம் குறைந்தவரை நிறுத்துங்கள்.